கரு இருக்கிறது, கதை வரவில்லை: முதல் வரைவு வரை எப்படிப் போகிறீர்கள்?

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

வணக்கம். சிறுகதை எழுத ஆசை. நோட்டு நிறையக் கருக்களும் இருக்கின்றன. பயணத்தில் காதில் விழுந்த ஒரு பேச்சு, கனவில் வந்த ஒரு வீடு, "இறந்தவரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால்?" மாதிரியான கேள்விகள். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம் ஓடும். அதுவும் வானம் எப்படி இருந்தது, காற்று எப்படி வீசியது என்றே போகும். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடி வைத்துவிடுவேன். கருவிலிருந்து முழு வரைவு வரைக்கும் நீங்களெல்லாம் எப்படிப் போகிறீர்கள்? "நிறைய வாசியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரவுப்பேனா எழுதியது:

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஒரு கருவை எடுத்து இங்கே போடுங்கள், அதை வைத்துப் பேசலாம். அந்த இறந்தவர் எண் மட்டும் வேண்டாம். அது எல்லார் நோட்டிலும் இருக்கிறது, என்னுடையதிலும்.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

சரி, ரொம்ப நாளாகச் சுமந்துகொண்டிருப்பது இது. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு. ஓர் அறையின் கதவு நிலையில் பென்சில் கோடுகள். குழந்தையை நிறுத்தி உயரம் அளந்து போட்ட கோடுகள், பக்கத்தில் தேதியோடு. ஒரு கட்டத்துக்கு மேல் கோடு இல்லை. அவ்வளவுதான். நினைத்தாலே தொண்டையை அடைக்கிறது. எழுதினால் அந்தக் கதவையே வர்ணித்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா வாசகன் எழுதியது:

கடைசியில குழந்தை செத்துப்போச்சுன்னு முடிக்கப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன்.

மூன்றாம் வரி எழுதியது:

வாசகன் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

நோட்டு, உங்களிடம் இருப்பது ஒரு காட்சி. நல்ல காட்சி. ஆனால் அதைப் பார்ப்பவர் யார் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்களே நின்று பார்க்கிறீர்கள், அதனால்தான் வர்ணனை மட்டும் வருகிறது. ஆளை மாற்றி மாற்றி நிறுத்திப் பாருங்கள்.

புதிதாகக் குடிவருபவர் பார்த்தால்? பார்ப்பார், "அடடா" என்பார், பெட்டியைப் பிரிக்கப் போய்விடுவார். அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அந்தக் குழந்தையின் அம்மாவே திரும்பி வந்து பார்த்தால்? அவருக்கு எல்லாம் ஏற்கனவே தெரியும். கதை முழுக்க நினைவுகூரலாகிவிடும், நிலைக்கு முன்னால் நின்றபடி பத்து வருடத்தை அவர் நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். முதல் வரைவில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். வீட்டுக்காரர்? அவருக்கு அது அழுக்கு.

பெயிண்டர் பார்த்தால்? இப்போது பாருங்கள், அவர் அந்தக் கோடுகளை ஏதாவது செய்தாக வேண்டும். அழிக்க வந்தவரே அவர்தான். சும்மா பார்த்துவிட்டுப் போக அவரால் முடியாது. ஒரு கருவை எடுத்தால் நான் முதலில் தேடுவது இந்த ஆளைத்தான்: அந்தக் காட்சிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாத ஆள் யார்?

இரவுப்பேனா எழுதியது:

பெயிண்டர் சரி. அடுத்தது நேரம். கதை அவருடைய நாளில் எங்கே தொடங்குகிறது? விடிகாலையில் எழுந்து முகம் கழுவுவதிலிருந்து தொடங்காதீர்கள். மற்ற அறைகள் எல்லாம் முடிந்து அந்த ஒரு நிலை மட்டும் பாக்கி, சாயங்காலத்துக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும், அங்கே தொடங்குங்கள். நெருக்கடி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரே உட்காரலில் வாசித்து முடிக்கிற நீளம், அத்தனையும் சேர்ந்து ஒரே விளைவு என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இலேயே ஒரு மதிப்புரையில் சிறுகதைக்கு இலக்கணம் மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போனார். அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 1500 சொல்லில் எழுதப்போகிறவருக்கு உதவும். அந்த நீளத்தில் இரண்டு காட்சி, மிஞ்சினால் மூன்று. பெயிண்டரின் திருமணத்துக்கெல்லாம் இடம் இருக்காது.

புதுவரவு எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். முடிவு தெரியாமலே எழுத ஆரம்பிக்கலாமா?

தாளடி எழுதியது:

கூடாது என்பேன். கடைசிக் காட்சி என்ன, அதற்கு முந்தையது என்ன என்று ஒரு தாளில் வரிவரியாக எழுதிக்கொள்ளாமல் நான் தொடங்குவதே இல்லை. தெரியாமல் தொடங்கியவை எல்லாம் நடுவழியில் நின்றுபோனவைதான். மேடம் சொன்ன அந்த "அரைப் பக்க" நோய்க்குக் காரணமே திட்டம் இல்லாததுதான்.

சும்மா வாசகன் எழுதியது:

நோட்டு மேடமா சாரா? யாருக்குத் தெரியும்?

இரவுப்பேனா எழுதியது:

தாளடி, உங்களுக்கு அது ஒத்துவருகிறது, நல்லது. எனக்குத் திட்டம் போட்டு முடித்த கணமே கதை செத்துவிடும். தெரிந்துபோனதை எதற்கு எழுத வேண்டும் என்று கை சோம்பிவிடும். காஃப்கா 'தீர்ப்பு' கதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகாலை ஆறு மணிக்கு முடித்தார். எழுந்திருக்கவே இல்லை. இப்படித்தான் எழுத முடியும் என்று நாட்குறிப்பிலும் குறித்துவைத்தார்.

மூன்றாம் வரி எழுதியது:

அந்த ஒரு ராத்திரியை எல்லாரும் சொல்கிறோம். அதே நாட்குறிப்பு நிறைய, ஆரம்பித்து இரண்டு பத்தியில் விட்ட கதைகள் கிடக்கின்றனவே, அதை யாரும் சொல்வதில்லை. அந்த ராத்திரிக்கு முன்னாலும் பின்னாலும் அவரும் நம் நோட்டு மாதிரிதான் அரைப் பக்கத்தில் நின்றார்.

புதுவரவுக்கு என் பதில்: முடிவு தெரிய வேண்டாம், அடுத்த காட்சி தெரிந்தால் போதும். முடிவு என்று நீங்கள் முதலில் நினைத்துவைத்தது பெரும்பாலும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவதாகத்தான் இருக்கும். வாசகன் பயந்த அந்தச் செத்துப்போன குழந்தை அப்படித்தான் வருகிறது.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

மேடம்தான். :)

நேற்று உட்கார்ந்து ஒரு பத்தி எழுதினேன். திட்டுங்கள்.

"மூன்று அறைகளும் முடிந்துவிட்டன. இந்த நிலை ஒன்றுதான் பாக்கி. உப்புத்தாளை நான்காக மடித்துக்கொண்டு குந்தியபோது அவன் கண்ணுக்கு அந்தக் கோடுகள் தெரிந்தன. காலம் எவ்வளவு கொடியது என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒரு குழந்தை இங்கே வளர்ந்திருக்கிறது. அதன் சிரிப்பொலி இன்னும் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது."

இரவுப்பேனா எழுதியது:

முதல் மூன்று வாக்கியம் அருமை. உப்புத்தாளை நான்காக மடித்தது எனக்குப் பிடித்தது, ஆள் வேலை தெரிந்தவன் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. "காலம் எவ்வளவு கொடியது" என்று நினைத்தது அவன் இல்லை, நீங்கள். கையில் உப்புத்தாளோடு குந்தியிருப்பவன், சாயங்காலத்துக்குள் முடியுமா என்றுதான் நினைப்பான். சிரிப்பொலியையும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் இப்போதே அழிக்காதீர்கள். வரைவு முடியும்வரை எதையும் அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு மேலே போங்கள். முதல் பத்தியைச் செதுக்கிக்கொண்டே இருந்துதான் பாதிப் பேர் இரண்டாம் பத்திக்கு வருவதில்லை.

மூன்றாம் வரி எழுதியது:

சிரிப்பொலிக்குப் பதிலாக அந்தக் கோடுகளையே அவன் கண்ணால் பாருங்கள். உணர்ச்சியைத் தேட வேண்டாம், அளவைப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் இருக்கும். குந்தி உட்கார்ந்த மனிதனின் கண் மட்டமும் அங்கேதான் வரும். அதாவது அவனும் அந்தக் குழந்தையும் முகத்துக்கு முகம். நீங்கள் எதுவும் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, குழந்தைகள் ஒரே சீராக வளர்வதில்லை. இரண்டாம் வயதில் 12 சென்டிமீட்டர் போல வளரும். போகப்போகக் குறைந்து, நாலைந்து வயதுக்கு மேல் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர். அதனால் கீழே கோடுகள் விலகியும் மேலே நெருங்கியும் இருக்கும். பெயிண்டர் இதை ஸ்கேல் வைத்துப் பார்க்க மாட்டான், விரலால் பார்ப்பான். முதல் இடைவெளி அரைச் சாண், பிறகு நாலு விரல், பிறகு மூன்று, மூன்று.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் மேலே திடீரென்று மறுபடி அரைச் சாண் இடைவெளி வந்தால்?

மூன்றாம் வரி எழுதியது:

இரண்டு வருடம் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். கதை அங்கே இருக்கிறது. "ஒரு கட்டத்துக்கு மேல் கோடு இல்லை" என்பதைவிட, நடுவில் நின்று மறுபடி வந்தது என்பதில் கேள்வி அதிகம்.

சும்மா வாசகன் எழுதியது:

நான் ஒண்ணு சொல்லட்டுமா. அந்தக் கடைசிக் கோடு சாய்ஞ்சிருக்கணும். சின்ன வயசுல நானே தலைமேல கைய வெச்சு நானே கோடு போட்டிருக்கேன். நேரா வரவே வராது, ஒரு பக்கம் ஏறிக்கும். அளக்க ஆள் இல்லாதப்போ அப்படித்தான் போடணும். தேதியும் எழுதியிருக்காது. பென்சில் கிடைக்காம பேனாவுல போட்டிருக்கும்.

இரவுப்பேனா எழுதியது:

வாசகரே, எழுந்து போகிறேன் என்றவர் கதையையே கொடுத்துவிட்டீர்கள்.

நோட்டு, கவனித்தீர்களா? நின்றுபோனது குழந்தை இல்லை, அளந்த ஆள். குழந்தை வளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. இது நீங்கள் நோட்டில் எழுதிவைத்த கருவில் இல்லை. பெயிண்டரைக் குந்தவைத்துக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவைத்த பிறகுதான் வந்தது. கருவை உட்கார்ந்து யோசித்து முழுமையாக்கிவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தால் இது வராது. வரைவு எழுதுவதே யோசிப்பதுதான்.

தாளடி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், பாதி. ஏனென்றால் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்ட இந்த விஷயத்தைக் கதையில் எந்த இடத்தில் வெளியிடுவது என்று திட்டமிட வேண்டும். கோடுகளைக் கீழிருந்து மேலாகத்தான் தேய்ப்பானா, மேலிருந்து கீழாகவா? மேலிருந்து தேய்த்தால் சாய்ந்த கோடு முதலிலேயே போய்விடும், வாசகருக்குப் புரிவதற்கு முன்னால். கீழிருந்து போனால் கடைசியில் வரும். எனக்குக் கீழிருந்து மேல்.

புதுவரவு எழுதியது:

அளந்தவர் ஏன் நின்றார் என்று கதையில் சொல்ல வேண்டாமா? பிரிந்து போனாரா, இறந்தாரா?

மூன்றாம் வரி எழுதியது:

பெயிண்டருக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரிய வேண்டாம். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1888இல் தன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பிரித்துச் சொல்கிறார்: பிரச்சினையைத் தீர்ப்பது ஒன்று, அதைச் சரியாக முன்வைப்பது இன்னொன்று, கலைஞனின் கடமை இரண்டாவது மட்டும்தான் என்று. வரைவு எழுதும்போது உங்களுக்குக் காரணம் தெரிந்திருந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்காதீர்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நிறையக் கதைகளைக் கெடுத்திருக்கிறார்.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

பெயிண்டருக்கும் அளக்கப்படாத ஒரு பிள்ளை இருப்பதாக வைக்கலாம் என்று நினைத்தேன்...

இரவுப்பேனா எழுதியது:

வேண்டாம். எல்லாருக்கும் கை அங்கேதான் போகும். கோட்டைப் பார்த்து அவன் கலங்க அவனுக்கும் அதே காயம் இருக்க வேண்டும் என்றால், காயம் இல்லாதவன் கலங்கவே மாட்டானா? சின்னதாக ஏதாவது கொடுங்கள். கூட ஒரு பையன் இருக்கட்டும், கையாள். காலையிலிருந்து "மெதுவாச் செய்யறே, மெதுவாச் செய்யறே" என்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தவன் இவன். இப்போது இவனே மெதுவாகிறான். பையன் வாசலில் நின்று பார்க்கிறான். பேச்சும் கிடைத்துவிடும், யாரும் எதையும் விளக்க வேண்டியதும் இல்லை.

கையாள் எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் தற்செயல், ஆனால் கொஞ்ச காலம் இந்த வேலை பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு தகவல். பென்சில் கோடு உப்புத்தாளில் போய்விடும், மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் மூடிவிடும். பேனா அப்படி இல்லை. மை ஊறி மேலே வரும். முதல் கோட் அடித்துக் காய்ந்ததும் பார்த்தால் லேசாகத் தெரியும். இன்னொரு கோட் அடித்தாலும் வரும். கறையை அடைக்கிற ப்ரைமர் தனியாக அடித்தால்தான் நிற்கும். அவசரத்தில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். அப்புறம், நிலை பள்ளமாக இருந்தால் முதலில் பட்டி பார்ப்போம். கதையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா வாசகன் எழுதியது:

அப்போ கடைசி வரி ரெடி. எத்தனை கோட் அடிச்சாலும் அந்தச் சாய்ஞ்ச கோடு மட்டும்...

இரவுப்பேனா எழுதியது:

அதைக் கடைசி வரியாக வைக்கவே கூடாது. கேட்டதும் எல்லாரும் "ஆகா" என்கிறோம் பாருங்கள், அதனால்தான். மை மேலே வருவதை நடுவில் வையுங்கள். முதல் கோட் காய்ந்ததும் பையன்தான் பார்க்கிறான்: "அண்ணே, தெரியுது." அதற்கப்புறம் பெயிண்டர் என்ன செய்கிறான் என்பது கதையின் மிச்சம். இருட்டப்போகிறது, வீட்டுக்காரர் போனில் அழைக்கிறார், கடை மூடுவதற்குள் ப்ரைமர் வாங்கிவர வேண்டும். வாங்கப் போகிறானா? வாங்கிவந்து அடித்தால் அவன் கெட்டவனா? எனக்கு என்னவோ அவன் வாங்கிவந்து நன்றாகவே அடித்து முடித்துவிடுவான் என்று தோன்றுகிறது. வேலையில் சுத்தமானவன். அதுதான் எனக்கு வலிக்கிறது. நோட்டு வேறு மாதிரி முடிக்கலாம், அவர் கதை.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

எழுதிக்கொண்டிருக்கிறேன். அரைப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன்! ஆனால் போன் பேசும் இடத்தில் சிக்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் எப்படிப் பேசுவார் என்று காதில் விழவே மாட்டேன் என்கிறது.

மூன்றாம் வரி எழுதியது:

அந்த இடத்தில் சதுர அடைப்பு போட்டு "வீட்டுக்காரர் போன், சாவியைக் கேட்கிறார், இவன் பொய் சொல்கிறான்" என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவுங்கள். முதல் வரைவில் நான் இப்படி நிறைய அடைப்புகளைப் போட்டுத்தான் கடைசிவரை போவேன். பிறகு திரும்பி வரும்போது பாதி அடைப்புகள் தேவையே இல்லை என்று தெரியும். அந்தப் போன் காட்சியே வேண்டாம், மணி அடித்துக்கொண்டே இருந்தால் போதும் என்றுகூட ஆகலாம்.

நிறுத்தும்போது ஒன்று. ஒரு காட்சியை முழுசாக முடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்தில், வாக்கியம் பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும்.

புதுவரவு எழுதியது:

கையால் எழுதுவது நல்லதா, தட்டச்சா?

தாளடி எழுதியது:

எது வேகமோ அது. அடுத்த கேள்வி.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

அடுத்த கேள்வி என்னுடையது. "அவன்" என்றே எழுதிவந்தேன். பையன் வந்ததும், பையனும் "அவன்", பெயிண்டரும் "அவன்". யார் எதைச் செய்தது என்று எனக்கே குழம்புகிறது. பெயர் வைக்க மனசில்லை. பெயிண்டரை "அவர்" ஆக்கிவிடலாமா? ஆக்கினால் ஆளே மாறிவிடுகிற மாதிரி இருக்கிறது, வயது கூடிவிடுகிறது, நானும் இரண்டடி தள்ளி நிற்கிற மாதிரி ஆகிறது.

மூன்றாம் வரி எழுதியது:

மாறத்தான் செய்யும். "அவன்" என்றால் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். "அவர்" என்றால் எதிரே நின்று பார்க்கிறோம், அந்தப் பையன் பார்ப்பது போல. ஒருவேளை கதையே பையனுடையதாக இருக்கலாமோ? தன்னைத் திட்டிக்கொண்டே இருந்த அண்ணன் ஒரு நிலைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார், ஏனென்று பையனுக்குப் புரியவில்லை. ஒரு பத்தியை அப்படி எழுதிப் பாருங்கள். ஒரு பத்தி மட்டும்.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

எழுதிப் பார்த்தேன்.

"அண்ணன் கோட்டின் மேல் மூன்று விரலை வைத்தார். எடுத்தார். அடுத்த கோட்டின் மேல் வைத்தார். மேலே போகப்போக முட்டியை ஊன்றி எழுந்துகொண்டே போனார். ஒரு இடத்தில் மூன்று விரல் போதவில்லை. கையை விரித்து வைத்தார். 'என்னண்ணே அளக்கறீங்க?' என்றேன். உப்புத்தாளை என்னிடம் நீட்டி, 'நீ தேய்' என்றார்."

சும்மா வாசகன் எழுதியது:

யம்மா.

இரவுப்பேனா எழுதியது:

"நீ தேய்" வரும் என்று நான் நினைக்கவில்லை. பையன் கதைதான் இது, சந்தேகமே இல்லை.

தாளடி எழுதியது:

குறை ஒன்று சொல்லலாமா? பையன் "என்றேன்" என்று தன்மையில் பேசுகிறான், ஆனால் எழுத்துநடையில் பேசுகிறான். அவன் பேசுவதெல்லாம் பேச்சுவழக்கில், சொல்வதெல்லாம் எழுத்துநடையில் என்றால் எத்தனை வயதில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறான்? வளர்ந்த பிறகா? அதை முடிவு செய்யாமல் திருத்தத்துக்குப் போனால் சிக்கும்.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

நல்ல கேள்வி, இன்னும் தெரியவில்லை. ஆனால் இப்போது பாதி வரைவு "அவன்" என்று படர்க்கையில் இருக்கிறது, இனிமேல் பையன் சொல்வதாக வரும். முதலிலிருந்து மறுபடி எழுதவா?

இரவுப்பேனா எழுதியது:

திரும்பிப் போகாதீர்கள். முதல் பக்கத்தின் தலைப்பில் "சொல்வது பையன்" என்று எழுதிவைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் எழுதிவந்தது போல நிற்கிற இடத்திலிருந்து தொடருங்கள். வரைவின் முன்பாதியும் பின்பாதியும் ஒட்டாது, பரவாயில்லை, அதை உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. திரும்பிப் போனால் முன்பாதி அழகாகும், பின்பாதி பிறக்காது. தாளடி கேட்டதையும் அடைப்புக்குள் போடுங்கள். முதலில் அந்தப் போனை யாராவது எடுக்கட்டும்.

கோடுபோட்ட நோட்டு எழுதியது:

பையன் எடுத்துவிட்டான். வீட்டுக்காரர் கத்துகிறார். பிறகு வருகிறேன்.